ஈரலில் முளைக்கும் கள்ள வாய்க்கால்!

"காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடிச்சா சரியாப் போயிடும்!" கம்மாபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கண்ணில் மஞ்சள் இறங்கியதும் ஈரலை மறந்துவிடுகிறோம். ஆனால் உள்ளே புண் ஆறிவிட்டதா?

சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடல் பக்கமிருந்து வருகிறது. சல்லடை போன்ற நுண்குழாய்கள் வழியே அது சுத்தமாகிறது. குடிப்பழக்கம், ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகள், சர்க்கரை நோயோடு சேர்ந்து வரும் ஈரல் கொழுப்பு – இவை வருஷக்கணக்கில் ஈரலைப் புண்படுத்தினால்?

நல்ல செல் கெட்ட கதை

ஈரலில் நட்சத்திர வடிவ செல்கள் உண்டு. வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைக்கும் சாதுக்கள். புண் ஆறாமலே இருந்தால் இவை குணம் மாறி, 'கொலாஜன்' என்ற நாரை நெய்யத் தொடங்கும். சல்லடைத் துளைகள் மூடிக்கொள்ளும். இதுதான் 'ஃபைப்ரோசிஸ்'. முற்றினால் சிரோசிஸ். சித்த மருத்துவத்தில் மகோதரம் என்கிற பெருவயிறு இதனாலும் வரும்.

தழும்புக்குள் பிராணவாயு குறையும். திணறும் செல்கள் 'வி.இ.ஜி.எஃப்.' என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கும். மதகு அடைபட்டால் கரையை உடைத்துக் கள்ள வாய்க்கால் ஓடுமே, அந்த மாதிரி! அந்த ரத்தம் ஈரல் செல்லுக்குப் பயன்படாமல் தாண்டிப் போய்விடும். கூடவே அழுத்தம் ஏறி, உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைக்கும். அவை வெடித்தால் ரத்த வாந்தி.

அடைத்துவிட்டால் போதாதா?

புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தக்குழாய் வளராமல் தடுக்கலாம் என்று 1971-ல் சொன்னவர் அமெரிக்க டாக்டர் ஜூடா ஃபோக்மன். குழாய் வளர்ச்சியைப் பற்றி நம் சென்னை குரோம்பேட்டை ஏ.யூ.-கே.பி.சி. மையத்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஈரலில் மட்டும் ஒரு சிக்கல். விலங்குச் சோதனைகளில், குழாயைத் தடுத்தால் தழும்பு குறைந்தது. ஆனால் ஈரல் தேறும் சமயத்தில் தடுத்தால், தழும்பு கரைவதே தாமதமானது. தழும்பைக் கரைக்கும் செல்கள் வருவதற்கும் குழாய் வேண்டுமே! அதனால் இதை வைத்து இன்னும் மருந்து வரவில்லை.

கீழாநெல்லி?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் தியாகராஜன் குழு, ஹெப்படைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து, நல்ல பலன் கண்டதாக 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதியது. பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. சித்த வைத்தியனாக இருந்தும் சொல்கிறேன்: கீழாநெல்லியை மட்டும் நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

செய்ய வேண்டியது

* ஆரம்பத் தழும்பு, காரணத்தை நீக்கினால் பெருமளவு கரையும். குடியை நிறுத்துங்கள், எடையைக் குறையுங்கள்.

* பி-க்குத் தடுப்பூசி உண்டு. சி-யைப் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையிலேயே குணப்படுத்தலாம்.

* காமாலை வந்தவர்களும், சர்க்கரை நோயாளிகளும், குடிப்பவர்களும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஈரலின் இறுக்கத்தை வலியில்லாமல் அளக்க 'ஃபைப்ரோஸ்கேன்' இருக்கிறது.

* ரத்த வாந்தியோ, தார் போலக் கறுத்த மலமோ வந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!