கட்டி வைத்த பை

ஞாயிற்றுக்கிழமை மாலை. சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் வட்டாரத்தில், நீர்வீழ்ச்சிகளுக்குச் செல்லும் சாலையோரத்தில் நின்ற வாகனங்கள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. காலையில் குடும்பத்தோடு வந்தவர்கள் பாயைச் சுருட்டுகிறார்கள். ஈரத் துணிகளைப் பிழிந்து காரில் வைக்கிறார்கள். மிஞ்சிய சோறு, கோழி எலும்பு, காகிதத் தட்டு, போலிஸ்டிரின் பெட்டி, குழந்தையின் அணையாடை எல்லாவற்றையும் ஒரு நெகிழிப் பையில் போட்டு இறுகக் கட்டுகிறார்கள். அந்தப் பை மட்டும் காரில் ஏறுவதில்லை. மரத்தடியில் முன்பே கிடக்கும் நான்கைந்து பைகளுக்குப் பக்கத்தில் அதையும் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

இவர்கள் குப்பையைக் கண்ட இடத்தில் வீசவில்லை. ஒன்றுவிடாமல் பொறுக்கி, பையில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதனால் தாங்கள் குப்பை போட்டதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வீட்டிலும் இப்படித்தானே செய்கிறோம்? பையைக் கட்டி வாசலில் உள்ள தொட்டியில் போட்டால் லாரி வந்து அள்ளிச் செல்கிறது. அந்தப் பழக்கமே காட்டுக்கும் நம்மோடு வந்துவிடுகிறது. ஆனால், காட்டோரச் சாலைக்குக் குப்பை லாரி அன்றாடம் வருவதில்லை. அதற்கு முன்பே வேறு சிலர் வந்துவிடுகிறார்கள்.

முதலில் வருபவை நீண்டவால் குரங்குகள். நெகிழிப் பையைக் கிழிக்க அவற்றுக்குச் சில நொடிகள் போதும். தின்னக் கூடியதைத் தின்றுவிட்டு மற்றதை இறைத்துவிடுகின்றன. கார் நிற்கும் இடத்தில் உணவு கிடைக்கும் என்பதையும் விரைவில் கற்றுக்கொள்கின்றன. பிறகு காட்டுக்குள் பழம் தேடுவதை விட்டுச் சாலையோரத்திலேயே காத்திருக்கின்றன. சில வாகனத்தில் அடிபட்டுச் சாகின்றன. பை கையில் இருந்தாலே பாய்ந்து பிடுங்கும் குரங்கைப் பார்த்து, “பொல்லாத குரங்கு” என்று நாம் திட்டுகிறோம். அதற்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதை மறந்துவிடுகிறோம்.

இருட்டிய பிறகு எலிகள் வருகின்றன. இவைதாம் நம் கவனத்திற்கு உரியவை. எளிதாக உணவு கிடைக்கும் இடத்தில் எலிகள் வேகமாகப் பெருகும். எலியின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா என்னும் நுண்கிருமி வாழக்கூடும். அந்தக் கிருமி எலியை வாட்டுவதில்லை. அதன் சிறுநீரோடு வெளியேறி ஈர மண்ணிலும் ஓடை நீரிலும் கலக்கிறது. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் அதற்கு மிகவும் ஏற்றவை. பல நாள்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில்கூட, அது உயிரோடு இருக்கும். மழை பெய்தால் கரையில் உள்ள அழுக்கெல்லாம் ஓடையில் இறங்கும். அந்த நீரில் குளிப்பவரின் காலில் சிறு சிராய்ப்பு இருந்தால் போதும். கிருமி உடலுக்குள் நுழைந்துவிடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையலாம். இதனால் வரும் நோயையே எலிக்காய்ச்சல் என்கிறோம்.

2010ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தின் மாரான் மாவட்டத்தில் உள்ள லுபோக் யூ பொழுதுபோக்கு வனத்தில் ஒருவர் நீரில் மூழ்கினார். அவரைத் தேடும் பணியில் மீட்புப் படையினரும் கிராமத்தாரும் இறங்கினர். பணி முடிந்த சில நாள்களில் அவர்களுள் பலர் காய்ச்சலில் விழுந்தனர். எட்டுப் பேர் இறந்துபோயினர். மெலியோய்டோசிஸ் என்னும் மண்வழி நோய் அவர்களுள் பலரைத் தாக்கியிருந்தது. சிலருக்கு அத்துடன் எலிக்காய்ச்சலும் சேர்ந்திருந்தது தெரியவந்தது. அங்கே கிடந்த குப்பைதான் இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால், தெளிந்து ஓடும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இருக்கலாம் என்பதை நாடு அப்போது உணர்ந்தது. எலிக்காய்ச்சல் கண்டால் மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இந்நோய் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள்களுக்குள் வெளிப்படும். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். பார்ப்பதற்குச் சாதாரணக் காய்ச்சலைப் போலவோ டிங்கியைப் போலவோ இருக்கும். எனவே, நீர்வீழ்ச்சிக்குச் சென்று வந்தபின் காய்ச்சல் கண்டால், அங்கே குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம்.

பையில் இருந்த மற்றவை என்ன ஆகின்றன? போலிஸ்டிரின் பெட்டி உடைந்து சிறு வெள்ளை மணிகளாக நீரில் மிதக்கிறது. கவிழ்ந்து கிடக்காத குவளைகளில் மழைநீர் தேங்கி, கொசு முட்டையிடுகிறது. உலு லங்காட் மலைகளில் பிறக்கும் ஓடைகள் லங்காட் ஆற்றைச் சேர்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் குடிக்கும் நீரில் ஒரு பகுதி அந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவதுதான். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் விட்டு வந்த பையின் ஒரு பகுதி, நம் ஊரை நோக்கித்தான் பயணப்படுகிறது.

தூண்டில் போடுபவர்கள் விட்டுச் செல்லும் பொருள் இன்னும் சிறியது. சிக்கிக்கொண்ட நைலான் நரம்பை அறுத்து அங்கேயே போட்டுவிடுகிறார்கள். அது எளிதில் மக்காது, கண்ணுக்கும் தெரியாது. மீன்கொத்தியின் காலிலோ ஆமையின் கழுத்திலோ சுற்றிக்கொண்டால் இழுக்க இழுக்க இறுகும்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது. 2026 ஜனவரி முதல் கோலாலம்பூரிலும் ஜொகூர், பகாங் உள்ளிட்ட சில மாநிலங்களிலும் பொது இடத்தில் குப்பை போடுபவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதத்துடன், 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் விதிக்கலாம். ஆயினும், ஒவ்வொரு மரத்தடியிலும் ஓர் அதிகாரியை நிறுத்த முடியாது. “குப்பை போடாதீர்” என்னும் அறிவிப்புப் பலகையின் கீழேயே குப்பை குவிந்திருப்பதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? குப்பைத் தொட்டி வைத்தால் போதும் என்பாரும் உண்டு. நாள்தோறும் காலி செய்யப்படாத தொட்டி குரங்குகளுக்கு உணவு மேசையாகிவிடும்.

ஜொகூரில் உள்ள லேடாங் மலையில் வேறு வழியைக் கையாளுகிறார்கள். மலையேறுபவர்கள் அடிவாரத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டும். எத்தனை பாட்டில், எத்தனை ரொட்டிப் பொட்டலம் என்று வனக் காவலர்கள் பட்டியல் எழுதிக்கொள்கிறார்கள். இறங்கி வந்ததும் அதே பட்டியலை வைத்து எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தாலும் தண்டம் கட்ட வேண்டும். களைத்துப்போய் இறங்கி வருபவர்களுக்கு இந்தக் கணக்கெடுப்பு எரிச்சலூட்டலாம். ஆனாலும், எண்ணிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ஏறும்போது நீர் நிறைந்திருந்த பாட்டில்கள், இறங்கும்போது காலியாக, நசுக்கி மடித்த நிலையில், அவர்களுடைய பைகளில் இருக்கின்றன.