கூரையில் குவியும் பனி: உயிர் குடிப்பது எது?

2006 ஜனவரி 2 அன்று ஜெர்மனியின் பாட் ரைஷென்ஹால் நகரில் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கத்தின் கூரை இடிந்து விழுந்தது. இறந்த 15 பேரில் 12 பேர் சிறுவர்களும் பதின்வயதினரும். அதே மாதம் 28ஆம் தேதி, போலந்தின் கடோவிட்சே நகரில் புறாக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த மண்டபத்தின் கூரை சரிந்து 65 பேர் மாண்டனர். இரண்டு கூரைகளின் மேலும் பனி குவிந்திருந்தது. ஆனால் குற்றம் பனியுடையது மட்டும்தானா?

எடைக் கணக்கு

பனியின் உயரத்தை மட்டும் பார்த்து அதன் பாரத்தைச் சொல்லிவிட முடியாது. புதிதாகப் பெய்த உலர்பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும். ஈரப்பனி 300 முதல் 400 கிலோவைத் தொடும். இறுகிய பனிக்கட்டியோ 900 கிலோவைத் தாண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் அரை மீட்டர் உயரத்துக்கு ஈரப்பனி படிந்தால் 15 முதல் 20 டன் பாரம் ஏறும். பத்துக்கும் மேற்பட்ட கார்களை மேலே நிறுத்தியதற்குச் சமம். பனியின் மேல் மழை பெய்தால், உயரம் கூடாமலே எடை கூடிவிடும். தட்டைக் கூரையில் வடிகால் அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். உயரமான சுவரை ஒட்டிய தாழ்ந்த கூரையில் காற்று பனியைக் கொண்டுவந்து ஒரே பக்கமாகக் குவிக்கும். சீராகப் பரவிய பாரத்தைவிட இது ஆபத்தானது.

மறைந்திருந்த பழுது

பாட் ரைஷென்ஹாலில் அன்றிருந்த பனியின் எடை, கூரைக்கு வகுத்திருந்த வரம்புக்குள்தான் இருந்தது. மர உத்தரங்களை ஒட்டப் பயன்படுத்திய பசை ஈரத்தைத் தாங்காத வகை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரங்கத்தின் ஈரக்காற்று அதைச் சிறிது சிறிதாக வலுவிழக்கச் செய்திருந்தது. வடிவமைப்புக் கணக்கிலும் பிழைகள் இருந்தன. கடோவிட்சேயிலும் வடிவமைப்பே பிழையானது. 2002லேயே பனியால் அந்தக் கூரை சேதமடைந்திருந்தது. அந்த எச்சரிக்கை போதவில்லை.

கவனிக்க வேண்டியவை

கூரை தொய்வது, உத்தரங்கள் முறியும் ஓசை, சுவரிலோ உட்கூரையிலோ புதிய விரிசல், திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, ஜன்னல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எல்லோரும் உடனே வெளியேறிவிட வேண்டும். பொருள்களை எடுக்கத் திரும்பக் கூடாது.

பனியை அகற்றுவதிலும் ஆபத்து உண்டு. ஜப்பானில் கூரைப் பனியைத் தள்ளும்போது தவறி விழுந்து ஆண்டுதோறும் பலர் இறக்கிறார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். தாழ்ந்த கூரையென்றால் தரையில் நின்றபடியே நீண்ட பிடியுள்ள வாரியால் இழுக்கலாம். பெரிய கூரையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் காலிசெய்தால் பாரம் சமநிலை இழக்கும்.

கனடாவிலும் நார்வேயிலும் ஜனவரியில் பொங்கல் விழாவுக்கு மண்டபம் எடுக்கும் தமிழர்கள், வாடகையோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும்: கூரையைப் பொறியாளர் கடைசியாகச் சோதித்தது எப்போது, பனியை அகற்றும் பொறுப்பு யாருடையது? பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு மண்டபம் பாருங்கள்.