முக்குளிப்பு உடையும் மேனித் தடிப்பும்

நம் உடலின் வெப்பத்தைக் காற்று கவர்வதைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் கவர்ந்துகொள்கிறது. 15 டிகிரி வெப்பமுள்ள காற்றிலே ஒரு சட்டையோடு உலாவி வரலாம். அதே வெப்பமுள்ள கடலில் அதே சட்டையோடு இறங்கியவன் சிறிது நேரத்திற்குள் பல் கிட்டி நடுங்கத் தொடங்குவான். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில், வட கலிபோர்னியாவை ஒட்டிய பசிபிக் கடல் அத்தகையது. கோடையிலும் அதன் குளிர் தணிவதில்லை. அக்கரையில் வாழ்ந்த ஓர் இயற்பியல் அறிஞர், கடற்படையின் மூழ்கு வீரர்களை மனத்திற் கொண்டு ஆக்கிய உடையே இன்று உலகெங்கும் முக்குளிப்போர் அணியும் உடை. 'வெட் சூட்' என்று அதனை ஆங்கிலத்தில் அழைப்பர். ஈர உடை என்பது பொருள்.

அவ்வறிஞரின் பெயர் ஹியூ பிராட்னர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றியவர். அவருக்கு முன்னிருந்தோர், உடம்பில் ஒரு துளி நீரும் படாதபடி காக்கும் உடையையே நாடினர். உடல் நனைந்தால் நனையட்டும், வெப்பம் வெளியேறாமல் இருந்தாற் போதும் என்பது பிராட்னர் 1951, 1952ஆம் ஆண்டுகளில் கண்ட உண்மை. டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலார் 1930இல் கண்டறிந்த செயற்கை ரப்பராகிய நியோப்ரீன் அதற்குக் கைகொடுத்தது. கடற்பஞ்சு போல் நுரைக்கச் செய்த நியோப்ரீனுள் எண்ணற்ற வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. அக்குமிழிகளே குளிரைத் தடுக்கின்றன. உடைக்கும் உடலுக்கும் இடையே புகும் மெல்லிய நீர்ப்படலம் உடற்சூட்டினால் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிடுகிறது.

மாணவர்களே, இந்த ஏற்பாட்டில் தோலின் நிலை என்ன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஈரம், வெம்மை, இறுக்கம், உராய்வு ஆகிய நான்கும் ஒருங்கே சேர்ந்து மணிக்கணக்காக அதன்மேல் தங்குகின்றன. மன்னார் வளைகுடாவில் முற்காலத்தில் முத்துக்குளித்தோர், இடையில் ஒரு துணியோடு கல்லைப் பற்றி இறங்கி, மூச்சு அடங்கும் வரை இருந்து மீண்டனர். அவர்களுக்கு வேறு பல துன்பங்கள் உண்டு; உடையினால் வரும் தடிப்பு இல்லை. இன்று அந்தமானிலும் இலட்சத்தீவிலும் புதுச்சேரியிலும் வாடகைக்கு எடுத்த உடையை அணிந்து கடலடியைக் காணச் செல்லும் இளைஞர்க்கு அது வரக்கூடும்.

அவ்வாறு வரும் தடிப்பு ஒரே நோயன்று. காய்ச்சல் என்ற ஒரு சொல் பல நோய்களைக் குறிப்பது போன்றதே இதுவும். எங்கே தோன்றியது, எப்போது தோன்றியது, எவ்வடிவில் தோன்றியது என்ற மூன்று வினாக்களை எழுப்பினால் காரணம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். காரணம் அறியாமல் கையில் அகப்பட்ட களிம்பைத் தடவுவது பயனற்றது. ஒரு சமயத்தில் அது பேரிடரும் ஆகும். அந்த ஒன்றைப் பின்னர்க் கூறுகிறேன்.

மிகுதியாகக் காணப்படுவது உராய்வினால் வரும் புண். கழுத்து, அக்குள், முழங்கையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு ஆகிய இடங்களில், உடையை அணிந்திருக்கும்போதோ களைந்தவுடனோ எரிச்சலோடு தோன்றும். காய்ந்த அப்பளம் விரல் பட்டுக் கிழிவதில்லை. நனைந்த அப்பளமோ தொட்டாலே கிழிகிறது. நெடுநேரம் நீரில் ஊறிய தோலின் மேலடுக்கும் அவ்வாறே மென்மையுற்று விடுகிறது. அதன்மேல் உடையின் தையலும், கழுத்துப் பட்டியின் சொரசொரப்பான ஒட்டுப்பட்டையும், உப்பும் மணலும் தேய்க்கின்றன. இரண்டு நாள் தாடியோடு கடலில் இறங்குபவனின் கழுத்து படும் பாட்டைக் கேட்க வேண்டுவதில்லை.

இதற்குத் தடுப்பு, உடலுக்குப் பொருந்திய உடையே. தளர்ந்த உடை அசைந்து தேய்க்கும். மிக இறுகிய உடை மடிப்புகளில் அழுத்தும். உள்ளே மெல்லிய, தையல் உறுத்தாத நீச்சற் சட்டை ஒன்றை அணிவது நன்று. சிலர் வாசலைனை அள்ளிப் பூசிக்கொண்டு உடையை மாட்டுகின்றனர். இயற்கை ரப்பராலான கழுத்துப் பட்டையையும் மணிக்கட்டுப் பட்டையையும் அது ஊதச் செய்து கெடுத்துவிடும். இதற்கெனவே விற்கும் நீர் கலந்த வழுக்குப் பூச்சே ஏற்றது. புண் வந்தபின், உடையைக் களைந்து நல்ல நீராலும் மென்மையான சோப்பாலும் கழுவி, ஒற்றித் துடைத்து உலர்த்தியபின் வாசலைனோ துத்தநாகக் களிம்போ தடவலாம். அப்போது கெடுவதற்கு ரப்பர் இல்லை. தோல் கிழிந்திருந்தால் ஆறும்வரை கடலில் இறங்கலாகாது. வெதுவெதுப்பான கடல்நீரில் புண்ணின் வழியே புகக்கூடிய நுண்ணுயிர்கள் சில மிகக் கொடியவை. கல்லீரல் நோயுடையோர்க்கு அவற்றால் உயிருக்கே கேடு நேர்வதுண்டு.

அடுத்தது நுண்ணுயிரால் வருவது. மாணவர் விடுதியில், பந்தாட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் திணித்து மறந்துபோன ஈரச் சட்டையை மறுவாரம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. உலராத உடையில் சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் தழைத்துப் பெருகும். அவ்வுடையை அணிந்த ஓரிரு நாளில், மயிர்க்கால் ஒவ்வொன்றையும் சூழ்ந்து சிவந்த சிறு பருக்கள் எழும்பும். சிலவற்றின் நுனியில் சீழ் தோன்றும். நலமுள்ள உடலில் அவை பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தாமே அடங்கும். காய்ச்சல் கண்டாலும் பருக்கள் பரவினாலும் மருத்துவரை நாடவேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல நாணுவதற்கில்லை. நீரில் மூழ்கியவனுக்குச் சிறுநீர் மிகுதியாகச் சுரக்கும். கை கால்களில் உள்ள குருதி மார்பை நோக்கித் தள்ளப்படுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று கொண்டு சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. உடைக்குள்ளேயே சிறுநீர் கழிந்தால், குழந்தைக்கு அணையாடையால் வரும் சிவப்பு போன்ற எரிச்சல் பெரியவர்க்கும் வரும். அதற்கஞ்சித் தண்ணீர் குடியாமல் இருப்பது தவறு. கரையேறியதும் உடலையும் உடையையும் நன்கு அலசுவதே முறை. உடையை நல்ல நீரில் ஊறவைத்து, உட்புறம் வெளிப்படத் திருப்பி, நிழலில் முற்றும் உலர்த்த வேண்டும். வெயில் நியோப்ரீனைப் பாழாக்கும். பலர் மாறி மாறி அணியும் உடைக்கு வெறும் நீர் போதாது. கிருமிநாசினியில் இட்டு அலசுதல் இன்றியமையாதது. வாடகை உடையை வாங்குமுன் முகர்ந்து பார்ப்பதை யாரும் இழிவாகக் கருத வேண்டியதில்லை.

சில தடிப்புகளுக்கு உடை காரணமன்று. உடை வெறும் வலை. புளோரிடாக் கரையிலும் கரிபியன் கடலிலும், ஒருவகைச் சிறு இழுதுமீனின் குஞ்சுகள், மிளகுத் தூள் அளவினவாய், வேனிற் காலத்தில் நீரில் மிதக்கின்றன. துணிக்கும் தோலுக்கும் இடையே சிக்கியவை அழுத்தப்படும்போது கொட்டுகின்றன. சில மணி நேரத்தில், உடை மூடியிருந்த இடங்களில் மட்டும் கடும் அரிப்போடு தடிப்புகள் எழும். வெளியே திறந்திருந்த கையும் முகமும் பெரும்பாலும் தப்பிவிடும்! உடையோடு நின்று நல்ல நீரில் குளிப்பது இங்கே பெரும் பிழை. உப்பில்லா நீர் பட்டவுடன், வெடிக்காது எஞ்சியிருந்த கொட்டும் அணுக்களும் வெடித்து நஞ்சைப் பாய்ச்சும். முதலில் உடையைக் களைந்து, பின்னரே குளிக்க வேண்டும். உடையைச் சோப்பு நீரால் நன்கு வெளுக்காவிடில், மறுமுறை அணியும்போதும் அதில் ஒட்டியிருப்பவை கொட்டுவதுண்டு.

மருத்துவரும் நெடுநேரம் ஆராயவேண்டிய வகை ஒவ்வாமை. நியோப்ரீனைப் பதப்படுத்தும்போது, அதன் இழைகள் ஒன்றோடொன்று பிணைவதை விரைவுபடுத்தச் சில வேதிப்பொருள்களைச் சேர்க்கின்றனர். தயோயூரியா இனத்தைச் சார்ந்தவை அவற்றுள் முதன்மையானவை. டைஎத்தில் தயோயூரியா, டைபியூட்டில் தயோயூரியா என்பன அவற்றின் பெயர்கள். துண்டுகளை ஒட்டும் பசையில் உள்ள பிசினும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. நம் உடலின் காவற்படை இப்பொருளை ஒருமுறை பகைவன் என்று அடையாளங் கண்டுகொண்டால் பின்பு மறப்பதே இல்லை. எனவே பல ஆண்டுகள் இன்னலின்றி உடையை அணிந்தவர்க்கும் திடீரென்று ஒரு நாள் ஒவ்வாமை தலைகாட்டும். "இத்தனை நாள் வராதது இப்போதா வரும்?" என்ற வாதம் இங்கே செல்லாது.

இதனை இனங்காண உதவுவது காலம். உராய்வுப் புண் உடனே எரியும்; ஒவ்வாமையோ ஒன்று முதல் மூன்று நாள் கழித்து அரிக்கும். உடை படிந்த இடமெல்லாம் சிவந்து தடித்து, நீர்க் கொப்புளங்களும் தோன்றலாம். அதே மனிதர் முழங்காலுக்கு நியோப்ரீன் பட்டை கட்டினால் அங்கும் அரிக்கும். முகக்கண்ணாடியின் விளிம்பு பட்ட இடத்தில் வளையமாகச் சிவக்கும். இவ்வாறு பல இடத்துச் செய்திகளைச் சேர்த்துப் பார்ப்பவரே காரணத்தைக் காண்பார்.

உறுதி செய்ய ஒட்டுச் சோதனை உண்டு. 1895இல் யோசெப் யாதாசோன் என்னும் செருமானிய மருத்துவர் எடுத்துரைத்த முறை அது. ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பர். ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பர். எல்லா மருத்துவமனைகளிலும் வைத்திருக்கும் பொதுவான வரிசையில் தயோயூரியா இடம்பெறாமற் போகலாம். ஆகையால் முக்குளிப்பு உடையைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடையின் சிறு துண்டு ஒன்றையும் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவர் அறிவுரைப்படி தடவும் ஸ்டீராய்டு களிம்பு அப்போதைய வீக்கத்தைத் தணிக்கும். மீண்டும் அதே உடையை அணிந்தால் மீண்டும் வரும். தயோயூரியா சேராத உடையைத் தேடுவதே நிலையான வழி. சுண்ணாம்புக் கல்லிலிருந்து செய்த நியோப்ரீன் ஒவ்வாமை தராது என்று சிலர் விளம்பரம் செய்வர். மூலப்பொருள் பெட்ரோலியமா சுண்ணாம்பா என்பது கேள்வியன்று. விரைவூட்டியாக எதைச் சேர்த்தார்கள் என்பதே கேள்வி.

இனி முன்பு ஒதுக்கி வைத்த ஒன்றுக்கு வருகிறேன். காற்றுக் கலத்தோடு 30 மீட்டர் ஆழத்தில் இருப்பவனைச் சுற்றிலும் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் 4 மடங்கு. அவன் உள்ளிழுக்கும் நைட்ரஜன் குருதியிலும் கொழுப்பிலும் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால், கோலி சோடாவைத் திறந்தாற்போல் அது குமிழியிடும். சிலருக்கு இந்நோய் முதலில் தோலில்தான் தெரியும். கரையேறிய சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்திற்குள் வயிறு, தோள், தொடை ஆகிய இடங்களில் அரிப்பும் வலியும் கண்டு, பளிங்குக் கல்லின் வரிகளைப் போலச் சிவப்பும் நீலமும் கலந்த படலம் பரவும். ஆங்கில நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலைக் காட்டுவன. நம்மவரின் மாநிறத் தோலில் சிவப்பு எளிதிற் புலப்படாது. நிறம் மங்கிக் கருநீல வலை போலவே தோன்றக்கூடும். வளர்ந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு இதயத்தின் மேலறைகளுக்கிடையே கருப்பையிலிருந்தபோது இருந்த சிறு வழி முற்றும் மூடாமல் இருக்கிறது. இத்தகையோர்க்கு இத்தடிப்பு வரும் வாய்ப்பு மிகுதி.

இதனை உடை உறுத்தியது என்று கருதிக் களிம்பு பூசிக்கொண்டு படுத்துவிட்டால், அடுத்துக் குமிழிகள் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கக்கூடும். மரமரப்பு, தலைச்சுற்றல், பார்வை மயக்கம், நடை தளர்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். உராய்வு உடையின் மடிப்பையும் தையலையும் பின்பற்றிக் கோடிடும்; இப்படலம் தையலை மதியாது. ஐயம் எழுந்தவுடன் மூழ்கியவரைப் படுக்கவைத்துத் தூய உயிர்வளியைச் சுவாசிக்கச் செய்து, முக்குளிப்பு மருத்துவம் அறிந்தவரைத் தொடர்பு கொள்ள வேண்டும். வெந்நீர்க் குளியல் ஆகாது. மறுபடி மூழ்குவதும், விமானத்தில் ஏறுவதும் ஆகா. தேவையெனில் அழுத்த அறையில் இருத்திச் சிகிச்சை செய்வர். மூழ்கிய ஆழம், தங்கிய நேரம், எழுந்த வேகம் ஆகியவற்றை அவர்கள் கேட்பார்கள். மணிக்கட்டில் கட்டியிருந்த முக்குளிப்புக் கணிப்பொறி அவற்றைப் பதிந்து வைத்திருக்கும். அதனைக் கழற்றாமல் உடன் கொண்டு செல்ல வேண்டும். உடை கரையிலேயே கிடக்கலாம்.