நல்ல பிடிகாரரை எப்படி அடையாளம் காண்பது?

கூமாப்பட்டியிலோ வத்திராயிருப்பிலோ திருவிழாக் கபடி பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும்போது, பேச்சு முழுக்க ரெய்டரை (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர்) பற்றித்தான் இருக்கும். "ஒரே பாட்டுல மூணு பேரைத் தொட்டுட்டு வந்துட்டான்ல!" என்பார்கள். அந்த ரெய்டரை அடுத்த பாட்டில் மடக்கிப் போட்ட பையன் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

தொலைக்காட்சியில் புரோ கபடி பார்க்கும்போதும் இப்படித்தான். தமிழ் தலைவாஸ் தோற்றால் "நல்ல ரெய்டர் இல்ல" என்கிறோம். ஏலத்தில் பெரிய ரெய்டரை எடுத்தால் "இந்த வருசம் கோப்பை நமக்குத்தான்" என்கிறோம். பிடிகாரர்களை எடைபோட நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ பிடிக்கிற இடத்தில் ஆடுகிறார் என்றால், கடைசிப் பகுதிகளை நிதானமாகப் படியுங்கள்.

பிடிகாரர்கள் எல்லோருக்கும் ஒரே வேலைதானா?

இல்லை. ஏழு பேரும் வில்லைப் போல வளைந்து நிற்கிறார்கள். வில்லின் இரு முனைகளில் நிற்பவர்கள் கார்னர். இவர்களுடைய ஆயுதம் கணுக்கால் பிடியும் தொடைப்பிடியும். ஓரத்திலிருந்து மூன்றாவதாக நிற்பவர் கவர். இவர் உடம்பால் மோதி ரெய்டரைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவார், அல்லது திரும்பி ஓடுகிறவரின் வழியை மறிப்பார்.

ஆகவே கவரையும் கார்னரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். கார்னரைக் கார்னரோடும் கவரைக் கவரோடும் ஒப்பிடுங்கள்.

நல்ல கார்னர் என்ன செய்கிறார்?

அடுத்த ஆட்டத்தில் பந்தலுக்கு அடியில் உட்காராமல், களத்தின் மூலைக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கார்னர் முழங்காலை மடக்கிக் குனிந்திருப்பார். ஒரு கை பக்கத்து ஆளின் விரல்களோடு கோத்திருக்கும். ரெய்டர் போனஸ் கோட்டை (தாண்டினால் கூடுதல் புள்ளி தரும் கோடு) தாண்டக் காலை நீட்டுவார். கார்னர் அசைய மாட்டார். ரெய்டர் மறுபடி நீட்டுவார். அப்போதும் அசைய மாட்டார். மூன்றாவது முறை, நீட்டிய காலில் ரெய்டரின் உடல் எடை இறங்கும் அந்த நொடியில், கோத்த கையை உதறிவிட்டு இரண்டு கைகளும் கணுக்காலைச் சுற்றிப் பூட்டும்.

அரை நொடி முந்தியிருந்தால் ரெய்டர் அவரைத் தாண்டிக் குதித்திருப்பார். அப்படி நேரம் வருமுன் பாய்வதைத்தான் 'அட்வான்ஸ் போயிட்டான்' என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள். நல்ல கார்னர் பிடிப்பது எவ்வளவு முக்கியமோ, இரண்டு முறை அசையாமல் இருந்ததும் அவ்வளவு முக்கியம். பாயின்ட் பலகையில் அந்தப் பொறுமைக்கு இடம் இல்லை.

டேக்கிள் பாயின்ட் அதிகம் எடுத்தவர்தானே சிறந்தவர்?

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். டேக்கிள் பாயின்ட் (ரெய்டரைப் பிடித்தால் கிடைக்கும் புள்ளி) வெற்றியை மட்டும் எண்ணுகிறது. தவறிய பிடிகளை எண்ணுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். முதல் பையன் 60 முறை பாய்ந்து 30 முறை பிடித்தார். இரண்டாவது பையன் 40 முறை பாய்ந்து 26 முறை பிடித்தார். பலகையில் முதல் பையன் மேலே. ஆனால் ஒவ்வொரு தவறிய பிடியும் எதிரணிக்கு ஒரு புள்ளியாவது தரும். முதல் பையன் 30 எடுத்து 30 கொடுத்தார், மிச்சம் ஒன்றுமில்லை. இரண்டாவது பையன் 26 எடுத்து 14 கொடுத்தார். அணிக்கு 12 லாபம்.

இழப்பு புள்ளியோடு முடிவதும் இல்லை. தவறிய பிடிகாரர் வெளியே போய் உட்கார்கிறார். எதிரணியில் வெளியே இருந்த ஒருவர் உள்ளே வருகிறார். இரண்டு பக்கமும் அடி. அதனால்தான் பயிற்சியாளர்கள் வெற்றி விகிதத்தை (நூறு பாய்ச்சலில் எத்தனை பிடி ஆனது என்ற கணக்கு) முதலில் கேட்கிறார்கள். பாதிக்கு மேல் பிடிப்பவர் அணிக்கு லாபம் சேர்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பிடிக்கும் ஒரே மதிப்பா?

அதுவும் இல்லை. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள்; இரண்டு புள்ளி. ஆல் அவுட் (அணி முழுக்க வெளியேறுவது) ஆகி எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி போவதையும் அது தள்ளிப்போடும். ஆள் குறைந்த நேரத்தில் தலை கலங்காதவருக்குத் தனி மதிப்பு உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். நாலு பேர் சேர்ந்து அமுக்கினாலும் புள்ளி ஒருவர் பெயரில்தான் ஏறும். ரெய்டரைத் தள்ளி மூலைக்கு ஓட்டிக்கொடுத்த கவரின் பெயர் எங்கும் வராது. ஒரு கார்னர் திடீரென்று சோபிக்காமல் போனால், பக்கத்தில் நின்றவர் மாறிவிட்டாரா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும்.

தமிழ் தலைவாஸ் கதை என்ன சொல்கிறது?

2017-ல் லீக்குக்குள் வந்த அணி. 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர் என்று பெரிய பெயர்கள் ஒரே அணியில் நின்றன. பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம்தான் கிடைத்தது. பழைய புகழைச் சேர்த்து வைத்தால் அணி ஆகாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அடுத்த பருவத்தில் (2021-22) இளைஞரான சாகர் ரைட் கார்னரில் நின்று 82 டேக்கிள் பாயின்ட் எடுத்தார். அப்போதும் அணி 11-வது இடம். பிடி இருந்தது, முடித்து வைக்க ரெய்டு இல்லை. பிடி மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதையும் சொல்கிறேன்.

2022-ல் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. வீரர்களை வாங்க ஓர் அணி செலவழிக்கலாம் என்றிருந்த தொகையில் பாதிக்கு மேல் ஒருவருக்கே போனது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம். பருவம் முழுக்க வெளியே. எல்லாம் முடிந்தது என்று நாம் நினைத்தோம். அந்த ஆண்டுதான் அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது.

எப்படி? நரேந்தர் என்ற புதுப் பையன் 243 ரெய்டு பாயின்ட் எடுத்தார். பின்னால் சாகர், சாஹில் குலியா இருவரும் கார்னர்களிலும், மோஹித், எம். அபிஷேக் இருவரும் கவர்களிலும் ஒன்றாகப் பழகி நின்றார்கள். அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்தப் பிடிகாரர்களில் யாரும் கோடி விலைக்கு வந்தவர்கள் இல்லை.

அப்படியென்றால் பிடிகாரருக்குக் கோடி கொடுப்பது வீணா?

ஈரான் வீரர் முகமதுரேசா ஷாத்லூயியைப் பாருங்கள். லெஃப்ட் கார்னர், ரெய்டும் போவார். பத்தாவது பருவத்தில் புனேரி பல்டன் அவரை 2.35 கோடிக்கு எடுத்தது, கோப்பை வென்றது. பதினொன்றாவது பருவத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்கு எடுத்தது, அவர்களும் வென்றார்கள். பன்னிரண்டாவதில் குஜராத் ஜயன்ட்ஸ் 2.23 கோடி கொடுத்தது. கோப்பை டபங் டெல்லிக்குப் போனது.

அதே ஆள், ஏறக்குறைய அதே விலை. சுற்றி நின்றவர்கள்தான் மாறினார்கள். விலை ஒருவருக்குக் கொடுக்கலாம்; பிடி என்பது வரிசைக்கே உரியது.

ஏலத்தில் அணிகள் எப்படி முடிவு செய்கின்றன?

வீரர்கள் ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவு. அடிப்படை விலை (ஏலம் தொடங்கும் தொகை) ஏ பிரிவுக்கு 30 லட்சம், பி 20, சி 13, டி 9 லட்சம். அண்மைப் பருவங்களில் ஓர் அணியின் மொத்தப் பணப்பை 5 கோடி ரூபாய். பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும். ஒருவருக்கு இரண்டரைக் கோடி கொடுத்தால், மீதிப் பதினேழு பேரையும் மிச்ச இரண்டரைக் கோடிக்குள் முடிக்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் வேறு முறை. அங்கே புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். போன ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. நம் லீக்கில் அந்தச் சலுகை இல்லாததால், இளம் பிடிகாரரை மலிவாக எடுத்து, விடாமல் வைத்து வளர்க்கிற அணிக்குத்தான் லாபம். பழைய வீரர் ஏலத்துக்குப் போனாலும், கடைசியாகக் கேட்கப்பட்ட விலையைத் தானே கொடுத்து அவரைத் திரும்ப எடுக்க அணிக்கு வழி உண்டு. ஆகவே அடுத்த ஏலத்தில் யாரை வாங்கினார்கள் என்பதற்கு முன், ஜோடியாக நின்ற கார்னரையும் கவரையும் பிரிக்காமல் வைத்தார்களா என்று பாருங்கள்.

என் பிள்ளை நல்ல பிடிகாரரா? நானே எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆட்டத்துக்கு ஒரு பக்கம். நான்கு கட்டம் போடுங்கள்: பாய்ந்தது, பிடித்தது, அட்வான்ஸ் போனது, அடுத்த ஆளுக்கு உதவியது. ஒவ்வொரு முறையும் ஒரு கோடு கிழியுங்கள். பத்து ஆட்டம் ஆனதும் கூட்டிப் பாருங்கள்.

பாய்ந்ததில் பாதி பிடியாகவில்லை என்றால் திட்டாதீர்கள். அட்வான்ஸ் கட்டத்தில் கோடுகள் நிறைந்திருந்தால் குறை பலத்தில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. அது பயிற்சியில் சரியாகும். உதவிய கட்டம் காலியாக இருந்தால், தனியாகப் புகழ் தேடுகிறார் என்று பொருள். அதை வீட்டில் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

குள்ளமாக இருக்கிறாரே, எடை இல்லையே?

கவருக்கு உடம்பு வேண்டும். கார்னருக்குத் தாழ்ந்து நிற்கும் உடலும் இறுக்கிப் பூட்டும் கையும் போதும். தேசியப் போட்டிகளில் எடைக்கு மேல் வரம்புதான் உண்டு: ஆண்களில் சப் ஜூனியருக்கு 55 கிலோ, ஜூனியருக்கு 70, சீனியருக்கு 85. எடை கூடிவிட்டது என்று வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்; அது முழங்காலையும் எலும்பையும் கெடுக்கும். இந்த ஆண்டு வரம்புக்குள் வராவிட்டால் அடுத்த பிரிவு இருக்கிறது.

வயது போய்விடுமே என்றும் பயப்பட வேண்டாம். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அணித்தலைவர் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன், ரைட் கார்னர். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கால் வேகம் குறையும், பொறுமை கூடும்.

எங்கே அனுப்புவது?

பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். ஆண்டுதோறும் நடக்கும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளி, கல்லூரி, பொதுப் பிரிவு என்று கபடி உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். அதே ஆணையம் விளையாட்டு விடுதிகளும் நடத்துகிறது. மாவட்ட அணி, மாநில அணி, தேசிய ஜூனியர் என்று ஏறினால்தான் லீக் அணிகளின் கண் படும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். பாதை இருக்கிறது.

ஆனால் ஏலப் பணத்தை நம்பிப் படிப்பை விடச் சொல்லாதீர்கள். ஒரு முழங்கால் காயம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் காவல்துறையும் கபடி வீரர்களை எடுக்கின்றன. பெரும்பாலான பிடிகாரர்களுக்குச் சோறு போடுவது அந்த வேலைதான்.

அடுத்த திருவிழா ஆட்டத்துக்கு அந்த நோட்டோடு போங்கள். வீடு திரும்பும்போது அந்தக் கார்னர் பையனின் பெயரை நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தில் நடப்பவர் ஏன் என்று கேட்டால், பக்கத்தைத் திறந்து கோடுகளைக் காட்டுங்கள்.