பாட்டு நிற்கும் வளைவு

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடியும் முன்பே ரோடு விழித்துக்கொள்ளும். கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று ஊருக்கு ஊர் முக்கில் ஜீப்புகள் நிற்க, தூக்குவாளியும் பையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் களை எடுக்கவும் காய் எடுக்கவும் தினமும் ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் போய் வருகிறார்கள். ஜீப் கிளம்பியதும் டிரைவர் செய்கிற முதல் வேலை, பாட்டைப் போடுவது.

அந்தப் பாட்டு வந்து சேரும் வழிதான் இப்போது மாறியிருக்கிறது. கேசட் போனது, சி.டி. போனது, பென் டிரைவும் அலுத்துவிட்டது. டாஷ்போர்டில் ஸ்டாண்ட் போட்டு மாட்டிய செல்போனில் இணைய வானொலி ஓடுகிறது. கம்பத்தில் காலை ஆறு மணி என்றால் சிங்கப்பூரில் எட்டரை; அங்கே வேலைக்குக் கிளம்பும் கூட்டத்துக்காக ஒலி 96.8 பேசிக்கொண்டிருக்கும். டொரண்டோவில் அப்போது முந்தைய நாளின் முன்னிரவு; அங்குள்ள ஈழத் தமிழர்களின் வானொலிகளில் சாப்பாட்டு நேரத்துப் பாட்டு. கொழும்புக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் இலங்கை நிலையங்களின் காலை வணக்கம் இங்கேயும் காலை வணக்கமாகவே வந்து விழுகிறது. கோம்பையில் ஏறிய பெண் டொரண்டோவின் வானிலையைக் கேட்டுக்கொண்டே ஏலக்காட்டுக்குப் போகிறார்.

தென் மாவட்டங்களுக்குக் கடல் கடந்த குரல் புதிதல்ல. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வீட்டுக்கு வீடு பாடிய காலத்தில் பி.எச். அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டவுடன் அடையாளம் சொல்லத் தெரியாதவர்கள் குறைவு. இடையில் அறுந்துபோன அந்த உறவை இணையம் மறுபடி ஒட்டவைத்திருக்கிறது. இளையராஜா பாடல்களை மட்டுமே இருபத்துநான்கு மணி நேரமும் ஒலிபரப்பும் இணைய நிலையங்கள் இன்று பல உண்டு. அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தேவாரத்திலிருந்து உத்தமபாளையம் போகிற வண்டி, அவர் பிறந்த பண்ணைப்புரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எங்கோ வெளிநாட்டுக் கணினியிலிருந்து கிளம்பிய பாட்டு, அதற்கு இசையமைத்தவரின் ஊர்த் தெருவிலேயே வந்து ஒலிக்கிறது என்பது சின்ன சந்தோஷமா என்ன?

செலவும் பெரிதில்லை. நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் வரும் வானொலிக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 எம்.பி. போதும். போக வர மூன்று மணி நேரம் கேட்டாலும் 90 எம்.பி.யைத் தாண்டாது. 2016க்குப் பிறகு டேட்டா மலிந்துவிட்ட நாட்டில் இது ஒரு கணக்கே இல்லை. இரவெல்லாம் வாழைத்தாரும் தேங்காயும் ஏற்றிப் போகும் லாரி டிரைவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சேமித்து வைத்த பாட்டுப் பட்டியலில் அடுத்து என்ன வரும் என்று மனதுக்குத் தெரியும். தெரிந்த பாட்டு தாலாட்டாகிவிடும். வானொலியில் யாரோ ஓர் ஆள் இந்த நிமிடம் விழித்திருந்து பேசுகிறார். அந்தக் குரல் பக்கத்துச் சீட்டில் ஓர் ஆளை உட்காரவைத்த மாதிரி.

இவ்வளவு நல்லது பேசிவிட்டு, மலை ஏறும் இடத்துக்கு வந்தாக வேண்டும். பள்ளத்தாக்கின் தரையில் ஓடும்வரை இணைய வானொலிக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் தொடங்குவது குமுளி ஏற்றத்தின் அடியில் லோயர் கேம்ப்பிலும், போடிமெட்டு ஏற்றத்தின் அடியில் போடிக்கு மேற்கே முந்தலிலும், கம்பம்மெட்டு ஏற்றத்திலும்தான்.

செல்போன் டவரின் அலை பாறையைத் துளைத்துப் போகாது. போடிமெட்டு ரோட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் முகம் திரும்புகிறது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பாதாளம். சற்று முன் டவரைப் பார்த்தபடி வந்த போன், திரும்பியதும் மலையின் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. குமுளியிலும் கம்பம்மெட்டிலும் இன்னொரு வம்பும் சேர்கிறது. அங்கே போன் தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்தை விட்டுக் கேரள வட்டத்துக்குள் நுழைகிறது. பேச்சுக்கட்டணம் கூடுவதில்லை என்றாலும், டேட்டா இணைப்பு பெரும்பாலும் ஒருமுறை அறுந்துதான் மறுபடி ஒட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிக்னல் போன இடத்திலேயே பாட்டு நிற்பதில்லை. இணைய வானொலி சில நொடிகளுக்கான ஒலியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டுதான் பாடுகிறது. கையிருப்பு தீரும்வரை ஒன்றும் நடக்காதது போலவே ஓடும். தீர்ந்ததும் பட்டென்று நின்றுவிடும். இடைப்பட்ட நேரத்தில் வண்டி அடுத்த வளைவுக்கு வந்திருக்கும். எதிரே கேரளப் பதிவு எண் கொண்ட லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து, "என்னண்ணே, பாட்டு நின்னுபோச்சு?" என்று ஒரு குரல். டிரைவரின் இடது கை தானாகப் போனை நோக்கி நீளும்.

எஃப்.எம். இப்படிச் செய்யாது. அது மங்கும், கரகரக்கும், சீறும். வளைவு தாண்டியதும் தானே தெளியும். யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. இணைய வானொலிச் செயலிகளில் பல, அறுந்தபின் தாமாக ஒட்டிக்கொள்வதில்லை. திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதை அழுத்தி, நிறுத்தி, மறுபடி ஓடவைக்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. மூன்று நொடி திரையைப் பார்த்தால் 25 மீட்டர் ரோட்டைப் பார்க்கவில்லை என்று பொருள். கொண்டை ஊசியில் 25 மீட்டர் என்பது மொத்த வளைவு. வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையாளுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. ஒரு ஜீப்பில் ஒருவர் மட்டும் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் இதை ஓரளவு கண்டிருக்கிறது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, கையில் பிடித்த செல்போனைப் பயன்படுத்தியபடி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் பட்டியலில் சேர்த்தது. முதல் முறை சிக்கினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020ல் விதி தளர்ந்தது. ஸ்டாண்டில் மாட்டிய போனில் பாட்டு நின்றுபோய், விரல் போய்த் தட்டும் அந்த ஒரு நொடியை எந்தப் போலீஸ்காரரும் வளைவில் நின்று பார்க்கப்போவதில்லை.

கார்த்திகை பிறந்தால் இந்தக் கவலை பல மடங்காகிறது. சபரிமலைக்குப் போகிற வண்டிகள் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் கம்பம் வழியாக வந்து குவியும். நெரிசலைச் சமாளிக்கக் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதையை அமல்படுத்துவார்கள். உள்ளூர் ஜீப்காரருக்கு எந்த வளைவில் பாட்டு நிற்கும் என்று அத்துப்படி. அவர் கை கொஞ்சம் பொறுக்கும். ராத்திரி முழுக்கச் சமவெளியில் ஓட்டி வந்த வெளியூர் டிரைவருக்கு அது தெரியாது. தூக்கம் வராமல் இருக்கத்தான் அவர் வானொலியை வைத்திருக்கிறார். சரியாக ஏற்றத்தில், சரியாக விடிகாலையில், அது ஊமையாகிறது. ஊமையானதைப் பேசவைக்கத்தான் அவர் முயல்வார்.

டவர்கள் கூடிக்கொண்டே வருகின்றன, சில ஆண்டுகளில் இந்த இடைவெளியெல்லாம் மூடிவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மூடட்டும். மலையில் டவர் இருப்பது வேறு, மழை நாளில் அது உயிரோடு இருப்பது வேறு.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டார்கள். மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் செய்தி மறுநாள் காலைதான் வெளியுலகை எட்டியது. வானொலி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தேனியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறுக்கு ஏறும் ரோடு அதே மலைத்தொடரில்தான் போகிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்தால் இந்த ரோடுகளில் மண் சரிவதும் மரம் விழுவதும் போக்குவரத்து நிற்பதும் வாடிக்கை. அந்த மாதிரி ஒரு நாளில் மேலே போகிற டிரைவருக்கு, 'திரும்பிப் போ, ரோடு அடைபட்டிருக்கிறது' என்று சொல்ல எது மிஞ்சும்? டவருக்கு மின்சாரம் நின்று, பேட்டரியும் தீர்ந்தால், இணைய வானொலி முதலில் போய்விடும்.

மிஞ்சுவது கோடை பண்பலை. கொடைக்கானலில் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் நின்றுகொண்டு 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் அகில இந்திய வானொலி நிலையம் அது. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும் என்பதால் நிற்கும் உயரமே அதன் பலம். தேனி, திண்டுக்கல், மதுரை என்று பல மாவட்டங்களுக்கு ஒரே கோபுரம் போதுமானதாக இருக்கிறது. மலைமறைவில் அதுவும் மங்கும்தான். மூணாறுப் பக்கம் தேவிகுளம் நிலையம் 101.4ல் கைகொடுக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் எஃப்.எம்முக்கு ஒன்றுதான். இன்னொன்று, சொல்வது சொன்ன நொடியில் வந்து சேரும். அதே நிலையத்தை இணையத்தில் கேட்டால் அரை நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் பின்தங்கும்.

உலகத்தின் மற்ற பகுதிகளும் இதைத்தான் யோசிக்கின்றன. மின்சாரக் கார்களில் ஏ.எம். வானொலியை எடுத்துவிடக் கம்பெனிகள் முனைந்தபோது, ஆபத்துக் கால அறிவிப்புகளைக் காரணம் காட்டி, எல்லா வண்டியிலும் அது இருந்தாக வேண்டும் என்று 2023ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. அதே 2023 ஏப்ரலில் இந்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், செல்போன்களில் எஃப்.எம். வசதி இருந்தால் அதை முடக்கிவைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. பேரிடர்க் காலத்தில் மக்களுக்குச் செய்தி சேர வேண்டும் என்பதே அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அறிவுரை அறிவுரையாகவே இருக்கிறது. ஹெட்போன் வயரை ஏரியலாக வைத்து எஃப்.எம். பிடித்த பழைய போன்கள் போய்விட்டன. வயர் செருகும் துளையே இல்லாத போன்கள் வந்துவிட்டன. ஜீப்பிலும் காரிலும் பெரிய தொடுதிரை செட் மாட்டுகிற கடைகளில், யூடியூப் ஓடுகிறதா, ப்ளூடூத் சேர்கிறதா என்று பார்த்துத் தருகிறார்கள். பின்பக்கம் ஏரியல் வயர் தொங்கிக்கொண்டிருக்கும், கேட்டால்தான் செருகுவார்கள். அது செருகப்படாத வண்டியில் எஃப்.எம். பொத்தான் இருக்கும், சத்தம் மட்டும் வராது. வாடிக்கையாளர் 'எஃப்.எம். எடுக்கல' என்று முடிவுகட்டி இணையத்துக்குப் போய்விடுவார்.

தேனி மாவட்டத்தில் இது ஓட்டுநரின் சொந்த விருப்பம் என்று விட்டுவிடக் கூடிய விஷயமில்லை. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்கு எஃப்.சி. எடுக்கும்போது பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பது போல, ஏரியலையும் தட்டிப்பார்த்தால் என்ன? மூன்று மலைப்பாதைகளின் நிலவரத்தையும் மழைக்காலத்தில் அரை மணிக்கு ஒருமுறை கோடை பண்பலையில் சொன்னால் என்ன? லோயர் கேம்ப்பிலும் முந்தலிலும் 'இங்கிருந்து 100.5' என்று ஒரு பலகை வைக்கப் பெரிய செலவும் ஆகாது. டொரண்டோவையும் சிங்கப்பூரையும் கம்பத்து ரோட்டில் ஆசைதீரக் கேட்கலாம். ஏற்றம் தொடங்கும் முன் வண்டியை ஓரங்கட்டி, நின்ற நிலையில் எஃப்.எம்முக்கு மாற்றிவிட்டு, போனைப் பின்சீட்டில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டும்.