அஞ்சிய குருளையும் அதன் செவிலியும்

தொல்காப்பியர் மரபியலின் தொடக்கத்தில் இளமைப் பெயர்களை ஒன்பதாக வகுத்து, நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயரை உரியதாக்கினார். நாயையும் புலியையும் ஒரே சொல்லில் அடக்கிய அம்மரபு, வகுப்பில் அதனைப் படித்த நாளில் எனக்கு வியப்பாகவே இருந்தது. பின்னர் ஒரு நாள், விரிஞ்சிபுரத்தில் என் அத்தை வீட்டுக் கயிற்றுக் கட்டிலின் அடியிலிருந்து, இரண்டு கைப்பிடியளவே உள்ள ஒரு குட்டி என்னை நோக்கிப் பல்லைக் காட்டி உறுமிற்று. பெயர் பொருத்தமே என்று அப்பொழுது கண்டேன். ஆயினும் அவ்வுறுமல் மறத்தால் எழுந்ததன்று, அச்சத்தால் எழுந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இத்தகைய குட்டிகள் பல வீடுகளினின்று மீண்டும் தெருவிற் சேர்வதற்குக் காரணமாகின்றது.

தீபாவளி கழிந்த நான்காம் நாள், பெங்களூர் நெடுஞ்சாலையின் மதகுக் குழாயொன்றினுள் அது கிடந்தது. தாய் லாரியில் அடிபட்டு இறந்ததென்றும், உடன்பிறந்தவற்றை எவரெவரோ எடுத்துச் சென்றனர் என்றும் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் கூறினார். இது மட்டும் எவர் கைக்கும் அகப்படாது உள்ளே ஒடுங்கிக்கொண்டது. பற்களைப் பார்த்த கால்நடை மருத்துவர் வயது பத்து வாரம் இருக்கலாம் என்றார். அத்தை அதற்குச் சிட்டு என்று பெயரிட்டார். குருளைக்குப் பறவையின் பெயர் இட்டது மரபு வழுவென்று யான் சொல்ல, "உன் இலக்கணத்தைக் காலேஜிலே வச்சுக்கோ தம்பி" என்று முடித்துவிட்டார்.

நிலையாக வளர்க்க இயலாத ஒருவர், தக்க இல்லம் கிடைக்குமளவும் ஒரு குட்டியைத் தம் வீட்டில் வைத்துப் பேணுதலை இக்காலத்துப் பிராணிநலச் சங்கங்கள் பெரிதும் வேண்டுகின்றன. 1959இல் காப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் முதலிய சங்கங்களின் கூடங்கள் எத்துணை நன்றாக நடப்பினும், நூறு நாய்கள் குரைக்கும் இடத்தில் அஞ்சிய குட்டியொன்று தேறுதல் அரிது. இப்பணிக்குத் தமிழிற் சொல் தேடவேண்டுவதில்லை. அகப்பொருள் நூல்களில் ஈன்ற நற்றாய் வேறு, வளர்த்த செவிலி வேறு. செவிலியின் உரிமை வளர்த்தலோடு நின்றுவிடும். பிரிவு அவளுக்கு முதலிலேயே விதிக்கப்பட்டது.

நிற்க. இக்குட்டிகள் ஏன் அஞ்சுகின்றன? அடித்தவர் யாரோ இருந்திருக்கவேண்டும் என்று நாம் எளிதில் முடிவு செய்கின்றோம். அது எப்பொழுதும் மெய்யன்று. அமெரிக்காவில் பிரீட்மன், கிங், எலியட் என்னும் மூவர் 1961இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. உயர்ந்த வேலியிட்ட வெளியில், மனிதர் பழக்கமே இன்றிச் சில குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒவ்வொரு வாரம் மட்டும் மக்களோடு பழகவிட்டனர். பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகளை எவரும் துன்புறுத்தியதில்லை. ஆயினும் அவை காட்டு விலங்கினைப்போல் மக்களைக் கண்டு ஓடின. மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டு அல்லது பதினான்காம் வாரம் வரை நாய்க்குட்டியின் மனம் புதியனவற்றை ஏற்கும் வாயில் திறந்திருக்கின்றது. பின்னர்ச் சிறுகச் சிறுக மூடுகின்றது. முற்றும் அடைபடுவதில்லை என்பது நமக்கு ஆறுதல். தாயின் இயல்பும் குட்டிக்கு ஓரளவு வருவதுண்டு. எங்கள் சிட்டு வந்தபோது அவ்வாயில் மூடுதற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன.

காலம் குறுகியதென்று விரைந்து தொட்டுப் பழக்க முற்படலாகாது. முதல் மூன்று நாள் செய்யத்தக்கது ஒன்றுமே செய்யாதிருத்தல். ஒரு மூலை, கவிழ்த்த மரப்பெட்டி, பழந்துணி, தண்ணீர், இவை போதும். யான் அதற்கு முதுகுகாட்டித் தரையில் அமர்ந்து, பரீட்சைக்குரிய பாடத்தை மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். நன்னூல் எழுத்ததிகாரத்தைப் பொறுமையோடு கேட்ட மாணாக்கர் அதனினும் மிக்கார் இலர்! இடையிடையே வேகவைத்த கோழி ஈரல் துணுக்கைத் திரும்பிப் பாராமலே பின்னால் எறிவேன். மேசையின் கீழ்த் துணிக்கைகளைத் தின்னும் நாய்க்குட்டிகளைப்பற்றிச் சுவிசேஷத்தில் ஒரு ஸ்திரீ உரைத்த மறுமொழி அந்நாட்களில் அடிக்கடி நினைவிற்கு வந்தது. நேருக்குநேர் உற்றுநோக்குதல், மேலிருந்து குனிதல், தலையின்மீது கை நீட்டல் ஆகிய மூன்றும் நமக்கு அன்பின் குறி. அதற்கோ வேட்டையாடுவோன் செயல். ஐந்தாம் நாள் இரவில் ஈரமான மூக்கொன்று என் முழங்கையைத் தொட்டு உடனே மறைந்தது. யான் அசையவில்லை.

அச்சத்தின் மொழியைக் கற்றல் இன்றியமையாதது. வாலை இடுக்குதலும் நடுங்குதலும் யாவரும் அறிவர். உறக்கமின்றியே கொட்டாவி விடுதல், உணவின்றியே உதட்டை நக்குதல், தலையை மறுபுறம் திருப்பிக் கண்ணின் வெண்மை தோன்றக் கடைக்கண்ணால் நோக்குதல் ஆகியவற்றைப் பலர் அறியார். எல்லாவற்றினும் மயக்கம் தருவது மரம்போல் அசையாது கிடத்தல். "பாவம், எவ்வளவு சாது!" என்று மடியில் எடுத்து வைப்பார்கள். அது சாதுத்தன்மையன்று, ஓட வழியில்லையென்று கண்ட உயிரின் கடைசி நிலை. உறுமினாலும் அதட்டலாகாது. உறுமலை அடக்கிவிட்டால், எச்சரிக்கை இன்றியே கடிக்கும் நாயொன்றை நாமே உண்டாக்கியவராவோம்.

எங்கள் வீட்டில் பெரும் இடையூறாக வந்தது மாமாவின் பூட்ஸ். அவர் ஆம்பூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கின்றார். மாலையில் அவர் திண்ணையில் ஏறும் ஓசை கேட்டதும் குட்டி பெட்டிக்குள் சிறுநீர் கழித்துவிடும். இதற்கு மருந்து கண்டவர் ஒரு பெண்மணி. மேரி கவர் ஜோன்ஸ் என்பார் 1924இல் வெளியிட்ட கட்டுரையில், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் சிறு குழந்தையின் வரலாற்றைக் கூறுகின்றார். குழந்தை விரும்பிய தின்பண்டத்தை உண்ணும் நேரத்தில், முயலைக் கூட்டிலிட்டுத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகிற் கொணர்ந்தார். முடிவில் அக்குழந்தை முயலைத் தடவிக்கொடுத்தது. மணியோசையையும் உணவையும் இணைத்து நாயின் வாயில் நீர் ஊறச்செய்த பாவ்லாவின் நெறியே இங்கு அச்சத்தை மாற்றப் பயன்பட்டது.

யாங்களும் அவ்வாறே செய்தோம். முதலில் காலில்லாத வெறும் பூட்ஸைக் கூடத்தின் கோடியில் வைத்து, உணவுத்தட்டை இப்பக்கம் வைத்தோம். உண்ண மறுத்தால் பூட்ஸ் மிக அருகில் உள்ளதென்பது பொருள். அன்று ஒரு முழம் பின்வாங்கவேண்டும். எட்டு நாளில் தட்டும் பூட்ஸும் ஒன்றையொன்று தொட்டன. பின் முட்டைத் துண்டைப் பூட்ஸின் உள்ளேயே இட்டோம். பின் மாமா அதனை அணிந்து நாற்காலியில் அசையாது அமர்ந்தார். பின் ஓரடி எடுத்து வைத்தார். தாமாக எவரிடமும் கொஞ்சாத அவர், வேலை முடிந்து வந்த களைப்போடு நாள்தோறும் கால்மணி நேரம் அவ்வாறு அமர்ந்திருந்தது எனக்கு இன்றும் வியப்பே.

இத்துணையும் கூறிய யான் என் பிழையையும் கூறவேண்டும். கார்த்திகைக் கடைஞாயிறு விரிஞ்சிபுரத்தில் பெருவிழா. மார்க்கபந்தீசுவரர் கோயிலின் சிம்ம தீர்த்தத்தில் நீராடிப் பிள்ளைவரம் வேண்டப் பல ஊர்களினின்றும் பெண்கள் திரள்வர். 'விரிஞ்சை மதிலழகு' என்று பெயர்பெற்ற அம்மதிலோரம் கால் வைக்க இடமிராது. குட்டி பூட்ஸை வென்றுவிட்ட மகிழ்ச்சியில், உலகத்தையே ஒரே நாளிற் காட்டிவிடலாம் என்று துணிந்து, அதனைத் தோளில் சார்த்திக்கொண்டு அக்கூட்டத்திற் புகுந்தேன். மேளமும் ஒலிபெருக்கியும் ஒருங்கே முழங்கின. குட்டி அலறவில்லை, மரம்போலாயிற்று. 'பழகிவிட்டது' என்று யான் எண்ணினேன். வீடு திரும்பியபின் இரண்டு நாள் அது பெட்டியைவிட்டு வெளிவரவில்லை. என் கையினின்று உணவு கொள்ளப் பத்து நாளாயிற்று. "புள்ளையை ஆத்துல தள்ளி நீச்சல் கத்துக்குடுப்பியா நீ?" என்று அத்தை கேட்டதற்கு விடை இல்லை. பிறகு வைகறையில் ஆளரவமற்ற பாலாற்று மணலில் ஒரு கல் தொலைவு நடப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

உடல்நலத்தைப்பற்றிச் சுருக்கமாகக் கூறுவேன். குடற்புழு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்திற் தொடங்கும் தடுப்பூசிகள், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர்க் கருத்தடை அறுவை ஆகியன மருத்துவர் சொற்படி நடைபெறவேண்டும். ஞாயிறு தோறும் மிஞ்சும் பிரியாணியை அன்பினால் இடுவோர் நம் பக்கத்தில் மிகுதி. வெங்காயம் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைப்பதாகலின் அது கூடாது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுத் துண்டுகளைக் கடிக்கக் கொடுப்பதும் தீது. அவற்றில் சுண்ணாம்பும் குரோமிய உப்பும் ஊறியிருக்கும். தடுப்பூசி இடப்படாத குட்டி பல்லாலோ நகத்தாலோ கீறிவிட்டால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லவேண்டும். குட்டிதானே என்று இருத்தல் தகாது. நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் அச்சுறுத்தும் பழைய மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்பொழுது கையில் இடும் சில ஊசிகளே.

தை மாத இறுதியில் காட்பாடியினின்று ஒரு குடும்பத்தார் வந்தனர். குட்டியைத் தூக்கவேண்டாமென்று முன்னரே சொல்லியிருந்தமையால், அவ்வீட்டுச் சிறுமி தரையில் பக்கவாட்டில் அமர்ந்து, உள்ளங்கையில் ஈரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். சிட்டு மூன்று முறை அணுகி மூன்று முறை விலகிற்று. நான்காம் முறை உண்டது. அவர்களிடம் பழந்துணியைத் துவைக்காமலே கொடுத்தோம். பழகிய மணம் புதிய இடத்திற் துணையாகும். முதல் மூன்று நாள் ஒன்றும் செய்யாதீர்கள் என்று இருமுறை சொன்னேன். ஆட்டோ புறப்படும் நேரத்தில் மாமா உள்ளே சென்று, தேய்ந்துபோன இடது பூட்ஸைக் கொணர்ந்து, ஒன்றும் பேசாமல் அச்சிறுமியின் மடியில் வைத்தார். அத்தை கதவோரத்திலேயே நின்றார். யான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர்களிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு நாள் அலமாரியின் அடியில் கிடந்ததாம். மூன்றாம் நாள் இரவு, பூட்ஸைக் கவ்விக்கொண்டு வந்து, சிறுமியின் பாயருகில் படுத்துக்கொண்டதாம்.