பழைய புரோநோட்டும் புது மருமகளும்

விடியுமுன்பே போடியிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் போடிமெட்டுச் சோதனைச் சாவடியையும் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களின் பேச்சு, நகைக்கடன், குழுக் கடன் என்று தவணையில் வந்து நிற்பது புதிதல்ல. அதில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்: கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் வாங்கிய கடனுக்கு மனைவி பொறுப்பா?

இல்லை. தாலி கட்டியதாலேயே ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறுவதில்லை. மனைவியின் பழைய கடனுக்குக் கணவனும் அப்படித்தான்.

இதைப் பச்சையாக எழுதிவைத்தது 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். மனைவி திருமணத்துக்கு முன் பட்ட கடனுக்குத் திருமணம் என்ற ஒரே காரணத்தால் கணவன் பொறுப்பாக மாட்டான் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாது. ஆனாலும் இந்துப் பெண்ணின் சொத்து முழுக்க அவளுக்கே உரியது என்று 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்லிவிட்டது; கணவனின் கடனுக்காக அதில் கை வைக்க முடியாது. தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. அங்கே டர்பன் தமிழரானாலும், முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்தால் இருவர் சொத்தும் ஒன்றாகிவிடும்; பழைய கடனும் கூடவே வந்து சேரும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கடன் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பெரும்பாலும் நகை வழியாக.

மெட்டுக்கு அந்தப் பக்கத்து மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைப் பாருங்கள். 2003இல் திருமணம். பெண் வீட்டார் போட்டது 89 பவுன். முதல் இரவிலேயே கணவர் நகைகளை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று தன் தாயிடம் கொடுத்தார் என்பதும், பிறகு அவை அந்தக் குடும்பத்தின் பழைய கடன்களை அடைக்கப் போய்விட்டன என்பதும் மனைவியின் புகார். 2011இல் குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2022இல் கேரள உயர் நீதிமன்றம், நிரூபிக்கவில்லை என்று அதை ரத்து செய்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடி மாற்றியது. சீதனம் கணவன் மனைவியின் கூட்டுச் சொத்தல்ல. இக்கட்டில் கணவன் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றது. 25 லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது. நகை கைமாறிச் சுமார் இருபது வருடம் கழித்து! நகைக்கடை ரசீதைப் பெண் பெயரில் வாங்கி வைப்பது எவ்வளவு லேசான வேலை என்பது அப்போதுதான் உறைக்கும்.

இன்னொரு வாசல், கையெழுத்து. கணவரின் பழைய புரோநோட்டைப் புதுப்பிக்க வருகிறவர், 'நீயும் ஒரு கையெழுத்துப் போடும்மா' என்பார். சாட்சியாகப் போட்டால் பொறுப்பில்லை. ஜாமீனாகப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி கடன்காரருக்கு உள்ள அதே பொறுப்பு. புது நோட்டில் கணவருடன் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மனைவியும் கடன்காரரே. எந்த இடத்தில் பேனா வைக்கிறோம் என்பதுதான் விஷயம், திருமணம் அல்ல.

தலைகீழ்த் தந்திரமும் உண்டு. கடன் கொடுத்தவர் வருவதற்குள் வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவைப்பது. ஏமாற்றும் நோக்கம் தெரிந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவைக் காட்டி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம்.

கணவர் இறந்துவிட்டால்? அவர் விட்டுச் சென்ற சொத்து மனைவி கைக்கு எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் பொறுப்பு. அவர் ஒன்றும் வைத்துப் போகவில்லை என்றால் மனைவியின் சம்பளத்தைத் தொட முடியாது. தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இணையின் கடன் ஒட்டாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அத்தகைய உறவில் இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தந்தது, கடனைத் தரவில்லை.

தீர்ப்பாகி ஜப்திக்கு வந்தாலும், உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணிகலன் ஆகியவற்றை எடுக்க முடியாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. தாலிக்கு அது காவல். கொடி எத்தனை பவுன் வரை என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை.

ஓரிடத்தில் மட்டும் கணவரின் பழைய கடன் மனைவியை உண்மையிலேயே தொடுகிறது. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதிகள் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகளை ஒரே குடும்பமாகக் கணக்கிடுகின்றன. எல்லாருடைய தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அவர் தவணை அந்தப் பாதியை ஏற்கனவே தின்றிருந்தால், மனைவிக்குப் புதுக் குழுக் கடன் கிடைக்காது. அதே விதிகள் கடனுக்காக உறவினரைத் தொல்லை செய்வதையும் தடுக்கின்றன. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்காரரை அழைக்கக் கூடாது. இருட்டில் ஜீப்பேறி இருட்டும் நேரத்தில் திரும்பும் பெண் வீட்டில் இருப்பதே அந்தத் தடை நேரத்தில்தான்.